அப்பாவின் டியூஸை ஓட்டியவர்கள்

சனிக்கிழமை காலை ஷெட் கதவைத் தூக்கினேன். வண்டி இல்லை. எண்ணெய் சொட்டினால் தாங்கட்டும் என்று தரையில் விரித்திருந்த அட்டை மட்டும் கிடந்தது.

அப்பாவின் வண்டியைத் தெரியாதவர்கள் ஃப்ளின்ட் நகரத்தில் எங்கள் பக்கத்தில் குறைவு. எழுபத்திரண்டாம் வருடத்து ப்யூக் எலெக்ட்ரா. கூடவே இருநூற்றிருபத்தைந்து என்று ஒரு எண்ணும் உண்டு. எங்கள் கறுப்பின ஆட்கள் அதையெல்லாம் சுருக்கி, சீட்டில் இரண்டுக்குச் சொல்கிற பெயரால் டியூஸ் என்பார்கள். கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, வீட்டுக் கூடத்துக்குச் சக்கரம் வைத்தது போல் நீளம். ப்யூக் ஆலையில் இரும்பு உருக்கும் பிரிவில் அப்பா வேலை பார்த்தபோது ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தது. வாரம் முழுக்கக் கரியும் வியர்வையுமாகத் திரிகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அந்த வண்டியிலிருந்து இறங்கினால், வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பேசுவார். எங்கள் தெருவில் பாதிப் பேர் டியூஸ் வாங்கியது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

அன்று ஊரில் பழைய கார்களின் கண்காட்சித் திருவிழா. நகரத்து நடுவில் செங்கல் பாவிய தெருவில் ப்யூக் சங்கத்தார் முதல் வரிசையிலேயே எங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்காக முந்தின நாள் முழுக்க வண்டியைத் தேய்த்தோம். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சக்கரங்கள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது என் தொழில். டியூஸைப்போல இரண்டு மடங்கு நீளமுள்ள வண்டியை, உள்ளே அறுபது பிள்ளைகள் கத்த, பனியிலும் ஓட்டுகிறவள் நான். ஆனால் அந்த டியூஸின் ஸ்டியரிங்கில் என் கை பட்டதில்லை. உயிரோடு இருந்தவரை அம்மாவின் கையும் பட்டதில்லை.

முன்னாலேயே கண்காட்சிக்குப் போயிருந்த தம்பி டுவைட்டுக்குப் போன் செய்தேன்.

"டேய், அப்பா அங்க வந்துட்டாரா?"

"இல்லையே. நீதானே கூட்டிட்டு வரேன்னு சொன்ன?"

"ஷெட் காலியா கிடக்குடா."

"அக்கா, விளையாடாத. சங்கத்து ஆளு ஹாரல்ட் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான். பக்கத்துல ஒருத்தன் ஸ்கைலார்க் கார வச்சிக்கிட்டு நம்ம இடத்தையே பாத்துட்டு நிக்கிறான்."

"இடம் போனா போகுது. மனுஷனக் காணோம்கிறேன். ஒரு கண்ணு சரியாத் தெரியாதவரு."

அப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. இடது கண் மங்கிக்கொண்டே வந்தது. தெருமுனைக் கடைவரை போகலாம், விரைவுச் சாலைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பாவும் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டியிருந்தார்.

எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. என் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சர்ச் வாசலில் பார்த்தேன், மருந்துக் கடையில் பார்த்தேன், ஆலை இருந்து இப்போது புல் முளைத்துக் கிடக்கிற பொட்டல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். எங்கேயும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. சிவப்பு விளக்கில் நின்றால்கூடக் கால் ஆடியது. கடைசியில் அப்பா முடி வெட்டிக்கொள்கிற கோடெல்லின் கடைக்குள் நுழைந்தேன். நாற்காலியில் ஒருவர் முகத்தில் நுரையோடு இருந்தார்.

"எங்கப்பாவ எங்கயாவது பாத்தீங்களா?"

கோடெல் கத்தியைத் துடைத்தார். "காலையில முதல் ஆளா வந்தாரே. ஷேவ் பண்ணி, மீசையக்கூட ஒழுங்கு பண்ணிட்டுப் போனாரு. நீல கோட்டு."

"கண்காட்சிக்கா?"

நுரைக்காரர் சிரித்தார். கோடெல் அவர் தோளில் தட்டி அடக்கினார்.

"என்ன சிரிப்பு? எனக்கு மட்டும் தெரியாதது என்ன?"

"வெர்னீட்டா, என் வாயால சொல்ல வைக்காத."

"அவருக்குக் கண்ணு தெரியலன்னு உங்களுக்குத் தெரியும்ல? வழியில ஏதாவது ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எம்மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "சாகினாவுல எர்லீன் டப்ஸுன்னு ஒரு அம்மா. பெத்தேல் சர்ச்சுக்கு அடுத்த வீடு. வசந்த காலத்துலேர்ந்து சனிக்கிழமையானா அங்கதான்."

சனிக்கிழமையானால் சங்கத்து ஷெட்டில் இஞ்சின் பார்க்கிறேன் என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறைகூட இருக்காது. அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

சாகினாவுக்கு விரைவுச் சாலையில்தான் போக வேண்டும். வடக்கே திரும்பியதிலிருந்து ஒவ்வொரு பச்சை வண்டியும் என் நெஞ்சில் அடித்தது. பாதி வழியில் போலீஸ் விளக்குகள் சுழல, ஒரு வண்டி பள்ளத்தில் சரிந்து கிடந்தது. கூரை வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் போனதும் அது யாரோ ஒருவரின் சரக்கு வேன் என்று தெரிந்தது. நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துக் கிடக்கிறாரோ என்று நான் பதற, அவர் மீசை ஒழுங்கு பண்ணிக்கொண்டு போயிருக்கிறார்.

எர்லீன் டப்ஸின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் வெளிர்நீல லெசேபர் ஒன்று, அதுவும் ப்யூக்தான், துடைத்து வைத்தது போல் நின்றிருந்தது. டியூஸ் இல்லை. கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை. புல்வெளியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் குழாயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிருக்காங்க. வந்துருவாங்க. நீ உக்காரேம்மா, பாக்கவே எனக்குத் தலை சுத்துது."

அப்போது தெருமுனையில் டியூஸின் முகப்பு தெரிந்தது. மெதுவாக, ஆடாமல் அசையாமல், கப்பல் கரை சேருவது போல வந்தது. அப்பா ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் இருந்தது வலது பக்கம், எங்கள் ஊரில் ஓட்டாதவர் உட்காருகிற பக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது ஊதா நிறத் தொப்பி வைத்த ஒரு பெண்.

வண்டி நின்றது. அப்பா என்னைப் பார்த்ததும் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வெர்னீட்டா… நீ எங்க இங்க?"

"அதையே நான் உங்களக் கேக்கணும்."

அந்தப் பெண் இறங்கினாள். எழுபத்தைந்து இருக்கும். நிமிர்ந்த முதுகு. "நீதான் பொண்ணா? உன்னப் பத்திப் பேசாத வாரமில்ல. வா கண்ணு, உள்ள வா. பீச் பழம் வச்சு பை சுட்டு வச்சிருக்கேன்."

"மிஸ் எர்லீன், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல." அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, எங்கம்மா எத்தன வருஷம் கேட்டா? ஒரே ஒரு தடவை, அந்தத் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்னு. ஆஸ்பத்திரி லாண்டரிக்கு அவ கடைசி வரைக்கும் பஸ்லதானே போனா? மழையில நின்னு, பனியில நின்னு. இந்த வண்டி ஷெட்டுக்குள்ள போர்வை போத்திக்கிட்டுத் தூங்கிச்சு. இவங்களப் பாத்து நாலு மாசம் ஆகல, சாவி கைக்குப் போயிருச்சா?"

பதில் சொன்னது எர்லீன். அதுவும் என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"எஸெல், உங்க சம்சாரம் ஐடெல்லாவுக்கு வண்டி ஓட்டவே பிடிக்காதுன்னு சொன்னீங்களே எங்கிட்ட?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"நானும் ப்யூக்குல சீட்டு தச்சவ. எம்புருஷன்கூடச் சண்டை போட்டுத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஒரு செத்துப்போன பொம்பள மேல பொய் சொல்லிட்டு எங்கிட்ட வந்து பை சாப்பிட்டிருக்கீங்க." அவள் என் உள்ளங்கையைத் திருப்பிச் சாவியை வைத்தாள். "இந்தா, நீ ஓட்டிட்டுப் போ. இவரு கையில கொடுக்காத. வர்ற வழியில லாரி ஒண்ணு பக்கத்துல வந்தது தெரியாம அதுல போய்ச் சொருகப் பாத்தாராம். வந்து நிக்கும்போது கை கால் எல்லாம் உதறிச்சு. அதனாலதான் நான் ஓட்டினேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்க்கார அம்மாள் தண்ணீர் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் நின்றாள்.

என் வண்டியை அங்கேயே விட்டேன். டியூஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அகலமான இருக்கை, மெல்லிய வளையம் போன்ற ஸ்டியரிங், என் முகத்துக்கு நேரே நீண்டு கிடந்த பச்சை இரும்பு. சாவியைத் திருகியதும் இஞ்சின் சத்தமே இல்லாமல் உயிர்பெற்றது. தொட்டால் திரும்பியது. வண்டி கனம், உன்னால் இழுக்க முடியாது என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லியே வைத்திருந்தாரே, அந்த வண்டி ஒரு விரலுக்குத் திரும்பியது.

ஃப்ளின்டுக்குத் திரும்பும் வழி வந்தது. நான் திரும்பவில்லை.

"ஏய், தாண்டிட்ட."

"தெரியும்."

"கண்காட்சிக்கு நேரமாச்சு. ஹாரல்ட் காத்திருப்பான்."

"காத்திருக்கட்டும்."

"எங்க போற?"

"எனக்கே தெரியல. ஏன் அம்மாவுக்குக் கொடுக்கல, அத சொல்லுங்க. கனம் கினம்னு கதை விடாதீங்க, இப்ப ஓட்டிக்கிட்டுதானே இருக்கேன்."

டெட்ராய்ட்டின் உயரமான கட்டடங்கள் வந்து, பின்னால் போயின. அப்பாவின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. டுவைட் போனில் விடாமல் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

"அவ ஒரு தடவை போயிட்டா," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. "நீ அப்ப கைக்குழந்தை. உன்னத் தூக்கிட்டுப் பஸ் ஏறி ஆர்கன்ஸா போயிட்டா, அவ அக்கா வீட்டுக்கு. நான் போய்க் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். கூட்டிட்டு வந்து இந்த வண்டிய வாங்கினேன், அவளுக்குப் பிடிக்கும்னு. வாங்கினப்புறம் பயம் வந்துருச்சு."

"என்ன பயம்?"

"பஸ்ஸுன்னா டிக்கெட் எடுக்கணும், பெட்டி தூக்கணும், யாராவது பாத்து எங்கிட்ட சொல்லுவாங்க. சாவி கையில இருந்தா… ஒரு நாள் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு இதோ, இப்ப நீ போற மாதிரி போயிட்டே இருப்பா. அதான்."

இத்தனை வருஷமாக, வண்டியில் கீறல் விழுந்துவிடுமே என்ற கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அதை மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"அவ தங்கறதா போறதான்னு அவதானேப்பா முடிவு பண்ணணும்?"

"ஆமா."

"ஆமான்னு இப்ப சொல்லி?"

"இப்பத்தான் சொல்ல முடியுது."

மன்ரோ என்ற ஊர் தாண்டி ஏரிக்கரையில் ஒரு மீன் கடை இருந்தது. பெட்ரோல் முள் கீழே இறங்கிவிட்டது. இல்லையென்றால் நின்றிருப்பேனா, தெரியாது. பொரித்த மீன் வாங்கினேன். அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் எதிரே நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்காரத் தோன்றவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ஒரு காகித நாப்கினை மட்டும் நீட்டினேன்.

நாங்கள் ஊர் திரும்பியபோது கண்காட்சி கலைந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில் ஸ்கைலார்க்தான் நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே டுவைட் கத்திக்கொண்டே ஓடி வந்தான். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த வாரமே அப்பா ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் போனார். எர்லீனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. இலை உதிரும் காலத்தில் ஒருநாள் லெசேபரை ஓட்டிக்கொண்டு அவளே எங்கள் வாசலில் வந்து நின்றாள். முதலில் என்னிடம்தான் பேசினாள்.

"உனக்கு ஆட்சேபணை இல்லன்னாத்தான் நான் உள்ள வருவேன்."

"எனக்கு இன்னும் கோவம் போகல மிஸ் எர்லீன்."

"எனக்கும்தான். கோவத்தோடயே வரேன், பரவாயில்லையா?"

கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சேர்ந்து சர்ச்சுக்குப் போவது என்று பேச்சு. போகும்போது டியூஸை நான் ஓட்டுவேன், வரும்போது அவள். அப்பா பின்சீட்டில். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லையாம்.

"இவ்வளவு இடம் இருக்கா இங்க!" என்றார் முதல் நாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெர்னீட்டா, மெதுவா போ."

"வாய மூடிக்கிட்டு வாங்க," என்றாள் எர்லீன்.

சில நாள் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்ததும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. டியூஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே என்று அப்பா கேட்பதில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தும் நான் கையசைப்பதில்லை. தெருவில் இறங்கியதும் கண்ணாடியை என் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு எந்தப் பக்கம் மனசு போகிறதோ அந்தப் பக்கம் திருப்புவேன்.