விட்டவளே எடுத்து வரணும்

பந்தை வெளியே விட்டவள்தான் போய் எடுத்து வர வேண்டும். இது நான் போட்ட சட்டம். நடந்ததை யார் கேட்டாலும் இதிலிருந்துதான் தொடங்குகிறேன். இதை இதுவரை ஒருவரும் என் குற்றமாகச் சொல்லவில்லை.

நான் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளி அமிர்திக்குப் போகும் வழியில், ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கூடைப்பந்துத் தளத்தின் கிழக்கு ஓரத்துக் கம்பிவேலி ஒரு மழையில் சாய்ந்து போனது. மூன்று வருடமாக எழுதிப் போட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகிற பந்து சரிவில் உருண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் போய்த்தான் நிற்கும். யார் போய் எடுப்பது என்று தினமும் சண்டை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு நாள் கத்தித் தீர்த்துச் சட்டம் போட்டேன். அன்றோடு சண்டை நின்றது.

பாயிண்ட் கார்டு என்றால் பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். அந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். நிவேதா ஆலங்காயத்துக்காரி. அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் டீக்கடை, அதனால் கூவுவதற்கு அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பின்னால் ஆள் வருகிறது என்று ஆட்டம் முழுக்கக் குரல் கொடுப்பாள். பந்து அவள் கையை விட்டுப் போவது அபூர்வம்.

ஈஸ்வரி மலைமேல் இருந்து வந்தவள். அணியில் மலைப் பெண் அவள் ஒருத்திதான். அவளுடைய கை வேகம் எனக்கு என் இளவயதில்கூட இருந்ததில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத சந்தில் பந்தை அனுப்புவாள். பாதி கூடைக்குப் போகும், பாதி புதருக்குப் போகும். வாயை மட்டும் திறக்கமாட்டாள். "வாயில கொழுக்கட்டையாடி வெச்சிருக்க?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

வேலூரில் நடக்கும் மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு, தங்கவைத்துப் பயிற்சி தரும் அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவதாக இருந்தது.

"டீச்சர், எறக்கி உட்றது ஒருத்தியத்தானா?" என்று ஈஸ்வரி ஒரு நாள் கேட்டாள்.

"ஆமா. இன்னொருத்தி பெஞ்சுல ஒக்காருவா."

"விடுதி கெடைக்கலன்னா வூட்டுக்கு வந்துடுன்னு அப்பா சொல்ட்டாருங்க. சாமைக் கொல்லைக்கு ஆள் இல்லியாம்."

"அப்ப வாயத் தொறந்து ஆடு" என்றேன்.

கடைசி வாரத்தில்தான் அவளிடம் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. பந்தெடுக்கச் சரிவில் இறங்கும்போது கையைத் தட்டிக்கொண்டே போனாள். பிறகு இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, "ஓய், ஓய்" என்று சத்தம் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பந்தில் செம்மண் ஒட்டியிருந்தது.

"கோர்ட்டுல ஊமை, பொதர்ல கச்சேரியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நிவேதாதான் அதிகம் சிரித்தாள்.

"கீழ புத்தெல்லாம் தோண்டிக் கெடக்குது டீச்சர்" என்றாள் ஈஸ்வரி.

"கெடந்தா கெடக்கட்டும். நீ இன்னா புத்துக்குப் பால் ஊத்தவா போற? போய் நில்லு."

மறுபடி சிரிப்பு. அவள் என்னைப் பார்த்தாள், நிவேதாவைப் பார்த்தாள், போய் நின்றாள். அதன் பிறகு புற்றைப் பற்றி அவள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெயர்களை வாசித்தேன். முதலில் இறங்குவது நிவேதா. ஈஸ்வரி "சரிங்க டீச்சர்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளாமல் விசில் ஊதினேன்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கிழக்கு ஓரத்தில் நிவேதா பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். ஈஸ்வரி குறுக்கே வந்தாள். அவள் கைக்கு அந்தப் பந்தைப் பிடுங்குவது பெரிய காரியமே இல்லை. பிடுங்கவில்லை, தட்டிவிட்டாள். பந்து நிவேதாவின் முழங்காலில் பட்டு வேலியைத் தாண்டி உருண்டது.

"நிவேதா, ஓம் மேல பட்டுத்தான் போச்சு. போய் எடு" என்றேன்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். அந்தச் சரிவில் அவள் அதிகம் இறங்கியதே இல்லை. கை தட்டவில்லை, கல்லும் எடுக்கவில்லை. ஈஸ்வரி வேலியருகே போய் நின்றாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் மூடிக்கொண்டாள்.

புதருக்குள் முதலில் ஓர் உறுமல் கேட்டது. அதற்குப் பிறகுதான் நிவேதாவின் குரல்.

உயிர் பிழைத்துவிட்டாள். தொடையிலும் தோளிலும் தையல் போட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வலது கையை இனி தலைக்கு மேல் தூக்க முடியுமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. அன்று மாலை இரவுக் காவலுக்கு வந்த லட்சுமணனிடம் ஈஸ்வரி கல் தட்டியதைப் பற்றிச் சொன்னேன். அவரும் மலைக்காரர்தான்.

"கரடி இருக்கற எடத்துல நாங்க அப்டித்தான் போவோங்க டீச்சர்" என்றார். "சத்தம் கேட்டா அது ஒதுங்கிப் போய்டும். திடீர்னு கிட்டக்கப் போனாத்தான் பாயும். புத்தத் தோண்டறதும் அதுதாங்க. மேல சின்னப் புள்ளைக்கும் இது தெரியும்."

நான் ஈஸ்வரியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் திருப்பி என்னைக் கேட்பாள் என்று பயந்தேன்.

அடுத்த வாரம் வேலூரில் அவள்தான் முதலில் இறங்கினாள். எதிர் அணிக்காரி ஒருத்தி எங்கள் பூஜாவின் முதுகுப் பக்கமாக ஓசையில்லாமல் வந்து நின்றாள்.

"பின்னால ஆளு, பூஜா. பின்னால பாரு."

அரங்கம் முழுக்கக் கேட்டது. கணீரென்ற, நடுங்காத குரல். பூஜா விலகிக்கொண்டாள். ஆட்டம் முடியும்வரை ஈஸ்வரி வாயை மூடவே இல்லை. வேலியருகே திறந்து மூடிய அந்த வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆள் எடுக்க வந்திருந்தவர் என் பக்கம் சாய்ந்தார். "சரியான நேரத்துல சொல்றா மேடம். இந்தக் கொரல் எல்லாருக்கும் வராது. பேரு இன்னா?"

நான் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, இனிஷியலையும் சொன்னேன்.