ஏழாம் எண் பூட்டு

அவனுக்குச் சூப்பர்வைசர் பதவி திங்கட்கிழமை வந்தது. வியாழக்கிழமை காலையில் உதடு கிழிந்தது. கிழித்தது வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் அண்ணன். அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பத்து வருஷம் சீனியர். அடுத்த சூப்பர்வைசர் தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன்.

உடை மாற்றும் அறையில், பன்னிரண்டு பேர் பார்க்க, "என்னையே நேரத்துக்கு வரச் சொல்றியா மாப்ள?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓங்கி ஒரு குத்து விட்டான். சூப்பர்வைசரின் தலை இரும்பு அலமாரியில் மோதியது. வலியைவிட அந்தப் பன்னிரண்டு பேரின் சிரிப்புதான் பற்றி எரிந்தது.

"புகார் எழுதிக் கொடு, இன்னைக்கே அவனத் துரத்திடறேன்," என்றார் மேனேஜர். "உன் ஆளையே உன்னால அடக்க முடியலன்னா, இந்தப் பதவி உனக்கு எதுக்கு?"

அவன் எழுதவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி முகத்தில் விழிக்க வேண்டுமே.

மதியம், அட்டை வெட்டும் இயந்திரம் அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. அடைப்பை எடுக்க உள்ளே போகிறவன், யாரும் இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி, தன் எண் போட்ட பூட்டைச் சுவிட்சில் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போவான். மாற்றுச் சாவி சூப்பர்வைசரிடம் மட்டும். பூட்டுக்காரனைக் கண்ணால் பார்க்காமல் அதைத் திறக்கக் கூடாது.

சுவிட்சில் தொங்கியது ஏழாம் எண். மச்சானுடையது. ஆளைக் காணோம்.

"லாரி காத்துக்கிட்டு நிக்குது! அடைப்ப எடுத்துட்டு அவன் சாப்பிடப் போயிருப்பான், திறடா!" என்று மேனேஜர் கத்தினார்.

பூட்டை மறந்துவிட்டுப் போவது மச்சானுக்குப் பழக்கம்தான். கிழிந்த உதடு விண்விண்ணென்று தெறித்தது. இன்றோடு இவன் கொட்டத்தை அடக்குகிறேன் என்று கறுவிக்கொண்டே திறந்துவிட்டான். மேனேஜரின் கை சுவிட்சுக்குப் போனது. அப்போதுதான் கத்திகளுக்கு நடுவிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

கத்த நேரமில்லை. சாவிக்கொத்து இருந்த கையாலேயே மேனேஜரின் வாயில் ஒன்று விட்டான். "பைத்தியமாடா உனக்கு?" என்று எழுந்து மறுபடி சுவிட்சுக்குப் பாய்ந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கினான். சிமெண்டில் ரத்தமும் ஒரு பல்லும் கிடந்தன.

மச்சான் முழங்காலால் ஊர்ந்து வெளியே வந்தான். கீழே கிடந்தவரைப் பார்த்தான், பிறகு திறந்து தொங்கிய தன் பூட்டை. முகம் வெளுத்துப் போயிற்று.

"எவன்டா திறந்தது?"

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு முனகினார். அவரைக் கை காட்டினால் போதும். வேலை போனாலும் உறவு மிஞ்சும். சூப்பர்வைசருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான்தான் மச்சான். உள்ள பாக்காம திறந்துட்டேன்."

மச்சான் கையை ஓங்கினான். சூப்பர்வைசர் தடுக்கவில்லை, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். ஓங்கிய கை கீழே இறங்கியது.

"காலைல அடிச்சதுக்கா மாப்ள?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கறுவிக்கொண்டே சாவியைத் திருப்பியது நினைவுக்கு வந்தது.