நாலாவது குரல்

கிறிஸ்துநாயகம் கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு காலை நிலையோடு முட்டுக்கொடுத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வெளியே, மூன்றாம் மாடிப் படியில், ஹென்னிங் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். கழுத்துவரை பொத்தான் பூட்டிய பச்சைக் கோட்டு. பெட்டிக்கு மேல் வெள்ளைத் துணி, துணிக்கு மேல் ஒரு சிறு ஊசியிலைக் கொப்பு. துணியில் இரண்டு இடத்தில் சிவப்பு ஊறியிருந்தது.

"என்னண்ணை அது?" மேரிகிறேஸ் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்டுமில்லை. நீ இரு பிள்ளை."

ஒன்றுமில்லாததற்குத் தமையன் இப்படிக் காலை அகட்டி நிற்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கறுப்புச் சேலையின் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கதவடிக்கு வரமுதலே மணம் வந்துவிட்டது.

"இறைச்சி," என்றார் கிறிஸ்துநாயகம். "செத்த வீட்டுக்கு இறைச்சி காவிக்கொண்டு வந்து நிக்கிறான். இவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அவளுடைய புருஷன் அந்தோனிதாசன் செத்த செய்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எதிர்க் கட்டடத்துத் தவராஜா வீட்டிலிருந்துதான் சோறும் பருப்பும் வந்துகொண்டிருந்தன. பிரேதம் ஸ்வீடனிலிருந்து டென்மார்க்குக்கு வந்து ரண்டர்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயிலில் பூசை, பிறகு சேமக்காலையில் அடக்கம். ஒரு முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டுக்கு இந்த மனிதன் பெட்டி நிறைய இறைச்சியோடு வந்திருக்கிறான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்று சொல்வார்களே, அதைப் பாய்ச்சுகிறவன் முகத்தில் இவ்வளவு பணிவு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அவனை அவளுக்குத் தெரியும். தாசனோடு பன்றி வெட்டும் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று கத்தி பிடித்தவன். வருஷா வருஷம் தாசனைக் கப்பலேற்றி ஸ்வீடன் காட்டுக்குக் கூட்டிப்போனவன். இந்த முறை பிணமாகத் திருப்பிக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"இது தாசன்ர பங்கு," என்றான் ஹென்னிங் டேனிஷில், அவளைப் பார்த்து, மெதுவாக. "இருதயமும் முன்சந்தும். கூப்பிட்டவனுக்குத்தான் முதல் பங்கு. தொங்கவிட்டு இப்பதான் பதமாய் வந்தது."

"கேட்டியே? இருதயமாம்," என்றார் கிறிஸ்துநாயகம் தமிழில்.

பெட்டிக்குள் இருந்தது எல்க் இறைச்சி. எல்க் என்பது மாட்டிலும் உயரமான மான். இலையுதிர்காலத்தில் கடாக்களுக்குப் பெட்டை மணம் பிடித்துவிட்டால் தீனையும் மறந்து பயத்தையும் மறந்து காடெல்லாம் அலையும். அந்த நேரம் பெட்டை மாதிரிக் குரல் கொடுத்தால் துவக்குக்கு முன்னால் தானாகவே வந்து நிற்கும். தாசனிடம் துவக்கும் இல்லை, லைசென்சும் இல்லை. குரல் இருந்தது. இரண்டு விரலால் மூக்கைப் பொத்தி, மற்றக் கையை வாயில் குவித்து, அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு முனகல். ஆவணி பிறந்தால் குளியலறைக்குள் பயிற்சி தொடங்கிவிடும். போன வருஷம் ஜெபமாலைக்கு வந்த பெண்கள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியிருக்க, குளியலறைக்குள் ஒரு பசு சினைக்குக் கத்தியது. வந்தவர்களில் ஒருத்தியாவது சிரித்திருக்கலாம். ஒருத்தியும் சிரிக்கவில்லை, மேரிகிறேசுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தக் காடு அவளுக்கு முந்தி வந்த சக்களத்தி. தாசன் டென்மார்க்குக்கு வந்தது எண்பத்தாறில். வந்த கையோடு மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை நீதி அமைச்சு அசையவிடாமல் வைத்திருந்த வருஷங்கள் அவை. இப்போது தமிழர் விவகாரம் என்று தொலைக்காட்சியில் அதைத்தான் கிண்டுகிறார்கள். அவள் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டேனிஷ்காரிகள் அவளுடைய கையைப் பிடித்து மன்னிப்புக்கூடக் கேட்கிறார்கள். மன்னிப்பை வாங்கி எந்த அலுமாரியில் வைப்பது? அவள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்துக்கிடந்தபோது, அவன் இந்த ஹென்னிங்கோடு காட்டுக்குள் உட்கார்ந்து வேறொரு பெட்டையின் குரலில் கூப்பிடப் பழகியிருக்கிறான். கடைசியில் அவள் வந்து இறங்கியபோது பாதித் தாசன்தான் மிச்சமிருந்தான். அந்தப் பாதியோடு இரண்டு வருஷம் சீவித்தாள்.

அவள் தமையனின் கைக்குக் கீழால் குனிந்து படிக்கு வந்தாள்.

"உன்னட்டை ஒண்டு கேக்கோணும்," என்றாள் தன்னுடைய முடமான டேனிஷில். "அவர் சாகேக்க நீ பக்கத்தில இருந்தனியோ?"

ஒரு கிழமைக்கு மேலாக அவளை அரித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். மாரடைப்பு, நித்திரையில் போன மாதிரிப் போய்விட்டார், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று கிறிஸ்துநாயகம் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் யன்னலைப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள்.

"கிறேஸ், இப்ப என்னத்துக்கு உது? கோயிலுக்கு நேரமாகுது," என்றார் அவர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை."

ஹென்னிங் பெட்டியைப் படியில் வைத்தான். நிமிர நேரம் எடுத்தது.

"இல்லை," என்றான். "நான் மேட்டில இருந்தன். அவன் பின்னால, பள்ளத்தில, ஒரு மரத்தடியில. கூப்பிட்டால் கேக்கிற தூரம். விடியுற நேரம். மூண்டு தரம் குரல் குடுத்தான். தூரத்தில கடா பதில் சொன்னது. நாலாவது குரல் வரேல்லை."

"வராட்டில்?"

"வராட்டில் கடா கிட்ட வந்திட்டுது எண்டு அர்த்தம். கூப்பிடுறவன் வாயை மூடினால் ஒருத்தரும் அசையக்கூடாது. அவனுக்கு நான் முதல் சொல்லிக்குடுத்ததே அதுதான்."

"அசையேல்லையோ நீ?"

"அசையேல்லை. நல்லா வெளிக்கும்வரைக்கும் இருந்தன்."

கீழ்மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் அது அடங்கும்வரை பொறுத்தாள்.

"ஒரு சத்தமும் கேக்கேல்லையோ?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எந்த மனிதனும் சொல்லியிருப்பான், பாதரே அதைப் பாவமென்று எடுத்திருக்கமாட்டார். ஹென்னிங்குக்கு அந்த அளவு புத்தி இல்லையோ, அல்லது அந்த அளவு இரக்கம் இல்லையோ, அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை.

"கேட்டது," என்றான். "சுள்ளி முறிஞ்சது. பாசியில காலை இழுக்கிற மாதிரியும் கேட்டது. கடா எண்டு நினைச்சன். சந்தோசப்பட்டன்."

"சந்தோசப்பட்டாய்."

"ஓம். பிறகு கடா மற்றப் பக்கத்தால வந்தது. சுட்டன். விழுத்திப்போட்டு அவனைக் கூப்பிட்டன். பகிடிக்குப் பேசாமல் இருக்கிறான் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தால், விரல் அப்பவும் மூக்கடியில இருந்தது. குதிக்கால் பாசியை உழுதுபோட்டுது."

"கை சூடாய் இருந்ததோ?"

"இல்லை."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அப்படியென்றால் இது அந்தக் கடா. தாசன் காலை இழுத்துக்கொண்டு கிடக்க, இவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு வாயூறிக் காத்திருந்த அதே கடா. அந்த இருதயத்தைக் கழுவித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். அவனைப் பெட்டியோடு சேர்த்துப் படியால் உருட்டிவிட வேண்டும் போல் அவளுக்குக் கை துடித்தது.

"கொண்டு போ," என்றாள். "கோயிலுக்கும் வராதை. சேமக்காலைக்கும் வராதை. உன்ர ஆக்களும் வரக்கூடாது."

"சவப்பெட்டி தூக்கவெண்டு அஞ்சுபேர் என்னோட வந்திருக்கினம். கீழ நிக்கினம்."

"தூக்க எங்களிட்டை ஆள் இருக்கு."

அவன் தலையசைத்தான். எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி," என்றான். "நீ கூப்பிட்டால் ஒழிய வரமாட்டன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டு படி இறங்கியவன் நின்று, துணிமேல் கிடந்த கொப்பை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான். தாசன் அவளுக்கு அதைப்பற்றிச் சொல்லியிருக்கிறான். சுட்டு விழுத்திய மிருகத்தின் வாயில் கடைசிக் கவளமாக இவர்கள் ஒரு கொப்பை வைப்பார்களாம். வேட்டைக்காரன் செத்தால் அவனுடைய பெட்டியிலும் வைப்பார்களாம். கொல்லுவதையும் கொன்று மரியாதை செய்வதையும் ஒரே கையால் செய்கிற சனம்.

"நல்ல வேலை செய்தாய்," என்றார் கிறிஸ்துநாயகம் கதவைச் சாத்திக்கொண்டு.

"நித்திரையில போனவர் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவர் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தார். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

பூசையில் அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. வெள்ளைப் பெட்டி. அதைத் தூக்கிய ஆறு பேரில் தவராஜா பனை மாதிரி, கிறிஸ்துநாயகம் வடலி மாதிரி. பெட்டி ஒரு பக்கம் சரிந்துகொண்டே போனது. உள்ளே தாசன் ஒரு பக்கமாக உருண்டு போயிருப்பான் என்று அவளுக்குப் பட்டது, உயிரோடிருந்தால் அதற்கு ஒரு பகிடி விட்டிருப்பான்.

சேமக்காலையைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் பற்றைவேலி. வேலிக்கு அப்பால், தெருவோரம், பச்சைக் கோட்டுகள் வரிசையாக நின்றன. தொப்பிகள் கையில் இருந்தன.

"பாத்தியே, சொல்லியும் வந்து நிக்கிறாங்கள். நான் போய்க் கலைக்கட்டோ?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"தெரு அவையின்ர தெரு. நிக்கட்டும்," என்றாள். வேலியைத் தாண்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கறுவிக்கொண்டாள்.

பாதர் தீர்த்தம் தெளித்தார். பெட்டி இறங்கியது. மூன்று முறை மண் விழுந்தது. அதன் பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெட்டி இறங்கினால் பெண்சாதி வாய்விட்டுக் கத்த வேண்டும், மற்றப் பெண்கள் வந்து பிடிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. இந்த ஒரு கிழமையும் அவள் ஊர் கூடத்தான் கத்தினாள். இப்போது வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

வராதது அழுகை மட்டுமல்ல. மூச்சும் வரவில்லை. நெஞ்சுக்கு நடுவில் யாரோ கல்லை வைத்து அமுக்குவது போல் இருந்தது. கை தானாக வாயருகே போய் நின்றது. செருப்புக் குதி ஈரக் களியில் புதைந்து இழுபட்டது. யாராவது பிடியுங்கோ என்று சொல்ல நினைத்தாள், சொல்வதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

ஒருவரும் அசையவில்லை. கிறிஸ்துநாயகம் மரியாதையாக நிலத்தைப் பார்த்தார். பாதர் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு பெண் மற்றவளிடம், "விடு, அவ மனுசனோட கதைக்கிறா," என்று மெல்லச் சொன்னது அவளுக்குத் துலாம்பரமாகக் கேட்டது. இத்தனை பேர் சுற்றி நிற்க ஒருத்தி செத்துப்போகலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தாசனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

சுள்ளி முறியும் சத்தம் கேட்டது.

வாசல் படலைப் பக்கமாக அல்ல, வேலிப் பக்கமாக. ஹென்னிங் பற்றைவேலியைக் கையால் பிளந்து, கோட்டு கிழியக் கிழிய உள்ளே வந்துகொண்டிருந்தான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. கல்லறைகளுக்கு நடுவால் நேரே நடந்தான், ஒரு பூச்சாடி கவிழ்ந்தது. கிறிஸ்துநாயகம் கையை நீட்டி மறித்தார். ஹென்னிங் அந்தக் கையை ஒரு கொப்பை விலக்குவது போல விலக்கிவிட்டு வந்து அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தான்.

"மூச்சு விடு," என்றான் டேனிஷில். "விடு. இப்பவே."

பிடித்த கையால் ஒரு உலுப்பு உலுப்பினான். அவளுடைய அடித்தொண்டையிலிருந்து, மூக்கும் வாயும் கலந்து, நீளமாக ஒரு சத்தம் வந்தது. அது அழுகை மாதிரி இல்லை. பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். வேலிக்கு அப்பால் நின்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள்.

மூச்சு வந்ததும் அவள் முழங்கையை அவனிடமிருந்து பறித்துக்கொண்டாள்.

"கிறேஸ், இவனைப் போகச் சொல்லட்டோ?" என்றார் கிறிஸ்துநாயகம்.

ஹென்னிங்கின் புறங்கையில் பற்றை கீறி இரத்தம் வந்திருந்தது. அவனை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வைக்க வந்ததை வைச்சிட்டுப் போ," என்றாள்.

குழி விளிம்பில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்குத் தள்ளி நின்றாள். ஹென்னிங் கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். கொப்பு பைக்குள் நசுங்கி, பாதி இலை உதிர்ந்து போயிருந்தது.