கிழியாத பை

நுண்ணோக்கியில் பதினொரு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. காலையிலிருந்து அந்த ஜப்பானிய ஆய்வுக் கப்பல் முழுக்க அதே பேச்சு. கடலின் அடித்தரைக்கும் ஆயிரத்து இருநூறு மீட்டர் கீழே, எரிமலைப் பாறையின் விரிசலுக்குள் உயிர். இரண்டு மணிக்குத் தலைமை விஞ்ஞானி குரோசே திரையில் தோன்றி, கரையில் காத்திருக்கும் நிருபர்களிடம் இதைச் சொல்லப்போகிறார். சவரம் செய்து சட்டையும் மாற்றியாகிவிட்டது.

புள்ளிகளை எண்ணியவள் ஹிசாயோ மொரிவாக்கி.

துளையிடும் குழாயோடு பாறைக்குள் இறங்கும் கடல்நீரில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. அது விரிசலுக்குள் கசிந்திருந்தால், கண்டதெல்லாம் மேலிருந்து போனவையாகிவிடும். அதற்காகத்தான் குழாயின் வாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் பையை வைப்பார்கள். கிருமி அளவே உள்ள நுண்மணிகள் கலந்த இளஞ்சிவப்புத் திரவம் அதில் இருக்கும். பாறை உள்ளே ஏறும்போது பை கிழிந்து, மணிகள் பாறையின் மேலெல்லாம் அப்பிக்கொள்ளும். பிறகு மேல்பகுதியைச் சீவிவிட்டு உள்ளே தேடுவார்கள். உள்ளே மணி இல்லையென்றால் நீரும் புகவில்லை என்று அர்த்தம்.

உள்ளே ஒரு மணிகூட இல்லை. அதனால்தான் இத்தனை கொண்டாட்டம்.

பன்னிரண்டரை மணிக்கு, பதிவேட்டை முடிப்பதற்காக மட்டும், சீவியெறிந்த மேல்தோலை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். அங்கே மணிகள் மழைபோல் தெரிய வேண்டும்.

ஒன்றுமில்லை.

வேறு துண்டை வைத்தாள். அதிலும் இல்லை. பை கிழியவே இல்லையென்றால், உள்ளே மணி இல்லாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது. நேற்றுப் பையைக் கட்டியவள் அவளேதான். அதற்கு முந்தின நாள் துளையிடும் ஆட்கள் கையுறையில் சாயம் ஒட்டுவதாக முணுமுணுத்தார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று இரவெல்லாம் கூசிப்போனவள், காலையில் பையை இன்னொரு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மேல்தளத்தில் காற்று பலத்திருந்தது. புயல் மாலைக்குள் வந்துவிடும் என்றிருந்தார்கள். துளையிடும் ஆட்களின் மேஸ்திரி இகராஷி அவளைக் கண்டதும் தொப்பியைத் தூக்கினார்.

"வாங்க மொரிவாக்கி-சான்! பதினோரு குட்டி போட்டிருக்கீங்களாமே! வாழ்த்துகள்!"

"இகராஷி-சான், அந்தப் பை... பாறையோட மேல வந்துச்சா?"

"அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன். கிழியவே இல்ல. கையில ஒரு சொட்டு படல. எங்க ஆளுங்க பேச்சக் கேட்டு இவ்வளவு கவனமா செஞ்சீங்க பாருங்க, ரொம்ப நன்றி." அவர் குப்பைக் கூடைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டினார். உள்ளே இளஞ்சிவப்புத் திரவம் அப்படியே தளும்பியது. "என்ன, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு? கடல் ஒத்துக்கலையா?"

அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். இரும்புப் படிகளில் இறங்கினாள். குரோசேக்கு அறுபத்து நான்கு வயது. இதுதான் அவருடைய கடைசிப் பயணம். இரண்டு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. பையைக் கடலில் வீசிவிட்டால் பதினொன்று பதினொன்றாகவே இருக்கும், உலகமெல்லாம் போகும். அவள் ஆயுள் முழுக்க, யாராவது மேல்தோலைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருப்பாள். கைப்பிடிக் கம்பியருகே நின்றாள். கீழே அலை கறுத்துக் கிடந்தது. விரல்கள் பையை விடவில்லை.

குரோசே கண்ணாடி முன் வணங்கிப் பழகிக்கொண்டிருந்தார். மேசையில் பையை வைத்துவிட்டுச் சொல்லி முடித்தாள்.

அவர் பையைக் கையில் எடுத்தார். பிறகு மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

"எனக்குத் தெரியும், சென்செய். உங்களுக்கும் இப்ப தெரியும். இகராஷி-சானுக்கும் தெரியும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரொம்பச் சுத்தமா இருந்துச்சுன்னு பாராட்டினார்."

குரோசேயின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவா என்று தெரியவில்லை. தொலைபேசியை எடுத்துக் கரையிலிருந்தவர்களிடம் இன்று அறிவிப்பு இல்லையென்று நாலே வார்த்தையில் சொன்னார். அடுத்து மேல்தளத்துக்குப் போட்டார்.

"இகராஷி-சான், கடல் இன்னும் எவ்வளவு நேரம் குடுக்கும்?"

"அடிச்சுப் பிடிச்சா ஒரு பாறை எடுக்கலாம். அதுக்கு மேல உயிருக்கு நான் பொறுப்பில்ல."

"எடுங்க. கையுறை அழுக்காகும், மன்னிக்கணும்."

ஐந்து மணிக்குக் கப்பல் முனகிக்கொண்டிருந்தபோது பாறை மேலே வந்தது. குழாய் ஆடியதில் ஒருவருக்குத் தோளில் அடி. அதற்குள் அவள் தன் பாறைத் துண்டோடு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை, புயலுக்கு ஒதுங்கி வடக்கே ஓடும் கப்பலில் எண்ணினாள். மேல்தோலில் மணிகள் கொட்டிக்கிடந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியில் நான்கு மணி நேரம் ஒவ்வொரு வட்டமாகத் தேடியதில் மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் கிடைத்தன.

குரோசேயை இன்னும் கூப்பிடவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஆட்கள் சாப்பிடும் அறைக்குப் போனாள்.

"இகராஷி-சான். நேத்துப் பை."

அவர் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கந்தலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். அவர் விரல்கள் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தன.

"நார்நாராக் கிழிஞ்சிருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன், சாயம் போகவே இல்ல. இப்ப திருப்தியா?"

அவள் கந்தலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.