சனிக்கிழமை வராத தெரு

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு, புதுச் சாலை போட்ட வருடம், சனிக்கிழமை வருவது நின்றுபோனது. வெள்ளிக்கிழமை படுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்தார்கள். மற்ற தெருக்களுக்கு அது வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. முதல் வாரம் அசந்து தூங்கிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் விழித்திருந்தே பார்த்துவிடுவதென்று சிலர் தையல்காரர் வீட்டில் கூடினார்கள்; பேச்சு பாதியில் இருக்கும்போதே ஞாயிறு விடிந்துவிட்டது, கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடும்பத்துக்கும் போன இடத்தில் சனிக்கிழமை வரவில்லை. கூடுதல் வாடகை கொடுத்ததுதான் மிச்சம். ஊருக்கெல்லாம் சனி பிடிக்கும், நமக்கு மட்டும் விட்டுப்போச்சு என்று தையல்காரர் சொல்லித் திரிந்தார். கொஞ்ச நாளில் அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

நகராட்சிக்கு இதில் சங்கடம் இருந்தது. பேட்டைக்கான மாத அறிவிப்பில் உருப்படியானவை எல்லாம் சனிக்கிழமையில்தான் இருந்தன. உடைந்த கட்டில், பீரோ எடுக்கும் லாரி, நடமாடும் நூலகம், ரத்த அழுத்தம் பார்க்கும் வேன், வருடத்துக்கு ஒருமுறை தெருவார் கூடும் விழா. வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இத்தெருவில் நோயாளிகள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது. விழாவுக்குப் போட்ட நாற்காலிகள் மாலைவரை வெயிலில் காய்ந்தன. பொதுமக்களுக்கு ஆர்வம் இல்லாததால் அடுத்த வருடத்திலிருந்து விழா ரத்து என்று அறிவித்தார்கள். மனுக் கொடுக்கப் போனவர்களை வார்டு அதிகாரி உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு வரைக்கும் தங்கள் பொறுப்பு என்றும், கிழமை எந்தத் துறையில் வருகிறது என்று விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னார். பிறகு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் குறைந்ததோடு சரி. தெருக் கோடியில் தனியாகக் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது அவ்வளவோடு போகவில்லை. அவருடைய மனைவி பிரிந்துபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பிரிந்த புதிதில் அவர் யாரிடமும் சொல்லாமல் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் தாய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து சவக்கிடங்குவரை பார்த்துவிட்டு வந்தாள். அதனால் நீதிமன்றம் மகளைப் பார்க்க அவருக்குச் சனிக்கிழமை பகலை மட்டும் கொடுத்தது. வேறு நாளில் பக்கத்தில் போகவோ போன் செய்யவோ கூடாது என்று உத்தரவு. தெருவுக்குச் சனிக்கிழமை நின்றபோது மகள் பையில் மாற்று உடையோடு வந்து, பூட்டிய கதவைத் தட்டி, படியில் உட்கார்ந்திருந்து, தாய் வேலை முடிந்து வந்ததும் திரும்பிப் போனாள். இப்படியே வாரங்கள் போயின.

தாய் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு மாசமா பூட்டின கதவைப் பாத்துட்டு வர்றா. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் அனுப்பல."

"எங்க தெருவுக்குச் சனிக்கிழமை வர்றதில்ல," என்றார் அவர்.

"நீங்க சொன்ன பொய்ங்கள்லயே இதுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கீங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவர் மனுப் போட்டபோது, சனிக்கிழமை எல்லோருக்கும் பொது என்று சொல்லி நீதிபதியும் கிழமையை மாற்ற மறுத்தார். கடைசியில் தாயின் தம்பி, பேருந்து ஓட்டுநர், நேரில் பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை வந்து மாமாவின் வீட்டிலேயே படுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது அவன் வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு ஆள் வந்திருந்தார். அவன் மனைவி போலீசில் புகாரே கொடுத்திருந்தாள். அந்த ஒரு வாரத்தோடு அது அவனை விட்டுவிட்டது, அடுத்த வாரம் அவனுக்குச் சனிக்கிழமை வழக்கம்போல வந்தது. "அக்கா, மாமா பொய் சொல்லல," என்று அவன் போய்ச் சொன்னபோது அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கடைசிக் கொத்துவரை உருவி முடித்தாள். பிறகு, ஞாயிறு தனக்கு இருக்கும் ஒரே விடுமுறை, அதை விட்டுத்தர முடியாது என்றும், வேண்டுமானால் அந்த வீட்டுச் சாவியை வாங்கி வா என்றும் சொன்னாள்.

அதிலிருந்து மகள் சனிக்கிழமை தானே கதவைத் திறந்துகொண்டு போனாள். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். கட்டிலில் ஆள் படுத்த பள்ளம் மட்டும் இருக்கும். அவர் வெள்ளிக்கிழமை மாலை சமைத்து மூடிவைத்துவிட்டுப் படுப்பார். ஞாயிறு காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதினார்கள். அவர் எழுத்துக்குப் பழகாதவர், சாப்பிடு, கேஸை மூடு என்பதற்கு மேல் ஓடவில்லை. அவளும் சரி, மூடினேன் என்று எழுதி, பிறகு இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். அவள் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால் அவர் பழையபடி சுவரோரம் தள்ளுவார். மறுவாரம் அது மறுபடி ஜன்னலுக்குப் போயிருக்கும். ஒரு வருடம் இப்படி மல்லுக்கட்டிவிட்டு அவர் விட்டுக்கொடுத்தார். சீப்பில் சிக்கியிருந்த முடி நீண்டுகொண்டே வந்தது. ஒருமுறை தலையணை ஈரமாக இருந்தது, பக்கத்தில் காய்ச்சல் மாத்திரையின் காலி அட்டை கிடந்தது. அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தார். மைத்துனன் வெளியூர் வண்டியில் போயிருந்தான். விசாரிக்க வேறு ஆள் இல்லை. அந்த வாரம் ஓர் அலுவலகத்து லிஃப்டை, மேலே போகச் சொன்னால் கீழே போகும்படி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் கழுவினார்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் உத்தரவு காலாவதியானது. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, சாவி இருந்தும் கதவைத் தட்டினாள். தாயைவிட அப்பா இளமையாகத் தெரிந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தத் தெரு ஆட்கள் எல்லோரும் அப்படித்தான், வயது கொஞ்சம் மெதுவாக ஏறியது. அவர் டீ போட்டு நிறையச் சர்க்கரை போட்டார். டப்பா வாராவாரம் குறைவதை வைத்து அவளுக்கு இனிப்புப் பிடிக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார்.

"நான் சர்க்கரை சேத்துக்கறதில்லப்பா," என்றாள். "வீட்டுக்குப் பின்னாடி எறும்புக்குப் போடுவேன். பொழுது போகணும்ல."

அவர் தலையாட்டினார். வேலை எப்படி என்று அவள் கேட்டாள், பரவாயில்லை என்றார். படிப்பு எப்படி என்று அவர் கேட்டார், பரவாயில்லை என்றாள். அப்பாவின் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவளுக்கு நினைவில்லை. இரண்டு பேரும் ஜன்னல் ஓரத்து மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, யார் எங்கே கை வைப்பது என்று தெரியாமல், தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிவிட்டது. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமையே வர்றேன்பா."

"சரிம்மா," என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அன்னிக்குன்னா உனக்கும் சௌகரியம்."

அதன் பிறகு அவள் வேறு கிழமையில் வந்ததில்லை. வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டும் சனிக்கிழமைதான் வருகிறாள். ஞாயிறு காலையில் அவர் தரையில் இருக்கும் பால் கறையைத் துடைத்துவிட்டு வேலைகளைப் பார்க்கிறார். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இன்றுவரை ஒரு மனஸ்தாபம் கிடையாது என்று தெருவில் சொல்கிறார்கள்.