வலது காது

புது ஆல்பம் சனிக்கிழமை மதியம் வந்தது. பதினொரு மாதங்களாக அதற்காகக் காத்திருந்தேன். பாட்டுக்காக அல்ல, வாயாடியிடம் மறுபடியும் பேசலாம் என்பதற்காக.

பள்ளிக்கூடத்தில் எங்களை 'வாயாடியும் வாயில்லாப் பூச்சியும்' என்பார்கள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால்கூட அவள்தான் எழுந்து, "இருக்கா சார், இருக்கா" என்பாள். இடைவேளையில் அவளுடைய இயர்போனில் வலது காது அவளுக்கு, இடது காது எனக்கு. ஐந்து பையன்கள் பாடும் ஒரு பேண்டின் முதல் ஆல்பத்தை அப்படித்தான் இரண்டு வருடம் கேட்டோம்.

சண்டை ஐந்தாமவனால் வந்தது. எந்தப் பாட்டிலும் அவன் குரல் எனக்குக் கேட்டதில்லை. வீடியோவிலும் ஓரமாகவே நிற்பான். அவனுக்கு நான் 'கம்பம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

"கம்பம்தான்டி இருக்கறதுலயே நல்லா பாடுறான்" என்றாள் ஒரு நாள்.

"அவன் எங்க பாடுறான்? சும்மா வாயசைக்கிறான்."

"வாய்தான் இல்லன்னு நினைச்சேன். உனக்குக் காதும் போச்சா?"

வகுப்பே சிரித்தது. அதன்பின் நான் அவளிடம் பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவள் என்பதால், நான் கோபமாக இருக்கிறேன் என்று அவளுக்குப் புரியவே மூன்று நாள் ஆயிற்று.

கணக்குப் பரீட்சையில் மறுபடியும் தேறமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்த கடைசி நாள் அவள் பேருந்துப் படியில் நின்று கத்தினாள். "அடுத்த ஆல்பம் வரட்டும்டி! அவன் பாடுறானா இல்லையான்னு அப்பப் பேசிக்கலாம்!"

நினைத்தபடியே கணக்கில் தேறவில்லை. விடுமுறை முடிந்ததும் நான் பள்ளிக்குப் போகவில்லை. சித்தியின் சலவைக் கடைக்குப் போனேன். வருகிற துணிகளின் பைகளைத் துழாவுவதும், எண் எழுதிய காகிதத் துண்டை அவற்றில் குத்துவதும், காய்ந்ததை மடிப்பதும் என் வேலை. ஒரு கோட்டுப் பையில் கிடைத்த இயர்போனைத் தேடி ஆறு மாதமாக யாரும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் சித்தி அதை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மதியம் துணி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். நான்காவது பாட்டிலேயே இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்த்தேன். ஐந்து குரலையும் ஒன்றாக வைத்து இஸ்திரி போட்டது போல இருந்தது. யார் பாடுகிறார்கள் என்றே தெரியவில்லை. பழைய பாட்டுகளில் மூச்சு வாங்குவதாவது கேட்கும்.

"என்னடி, மூஞ்சி தொங்குது?" என்றாள் சித்தி.

"பாட்டு நல்லாவே இல்ல சித்தி."

"எத்தன பேரு பாடுறாங்க?"

"அஞ்சு."

"அப்புறம் எங்க உருப்படும்? ஆள் கூடினா பாம்பு சாகாது. எழுந்து அந்தச் சட்டைகள மடி."

இனி வாயாடிக்கு எதை எழுதுவது? அவளுக்கு எழுத என்னிடம் வேறு காரணம் இல்லை. சட்டைகளை மடித்தபடி முதல் ஆல்பத்தைப் போட்டேன். தனியாகக் கேட்க இத்தனை நாளாக மனம் வந்ததில்லை.

இரண்டாவது வரியில் கை நின்றது. வலது பக்கத்திலிருந்து எனக்குத் தெரியாத ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல், மற்றவர்களுக்குச் சற்றுப் பின்னால். வலது காதைக் கழற்றினேன், காணாமல் போயிற்று. மாட்டினேன், வந்தது. இரண்டு வருடமாக அவன் அவள் காதில் மட்டும் பாடியிருக்கிறான்.

மூன்று முறை எழுதி அழித்துவிட்டு வாயாடிக்கு அனுப்பினேன். "நீ சொன்னதுதான் சரி. கம்பம் பாடுறான். வலது பக்கம் மட்டும். நான் பூச்சி."

ஆறு சட்டை மடித்தபின் பதில் வந்தது. "ஹே பூச்சி! எப்படி இருக்க? கம்பம்னா யாரு?"

"பேண்டுல அஞ்சாவது ஆள்."

"ஓ, அவங்களா! புதுசு மொக்கைன்னு சொன்னாங்க. நான் இப்பல்லாம் கேக்கறதே இல்லடி. டியூஷன் ஆரம்பிச்சிட்டாங்க, அப்புறம் பேசறேன்."

"சரி" என்று அனுப்பினேன்.

இடது காதைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து போட்டேன். வலது காதில் அவன் பாடினான். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

"சத்தமே காணோமே, இருக்கியாடி?" என்று முன்பக்கத்திலிருந்து சித்தி கேட்டாள்.

"இருக்கேன் சித்தி" என்றேன்.