முட்டிக்கு மேலே போனால் செல்லாது

ஏழு ஆட்டங்களில் எங்கள் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நாலு தோல்வி, மூன்று ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பால் வாங்கப் போனால் பால்காரர், முடி வெட்டப் போனால் முடி வெட்டுகிறவர், எல்லாரும் எனக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே பயிற்சியாளன் நான்தான்.

பழி முழுக்க ஒட்டகத்தின் மேல் விழுந்தது. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனுக்கு அவன் உயரத்தைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர் அது. போன வருஷம் பதினாலு கோல் போட்டான், அதில் பதினொன்று தலையால் முட்டியது. இந்த வருஷம் ஒன்றுமில்லை. ஆறாவது ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"வளர்ந்திருக்கே, அவ்ளோதான். உன்னால இந்த டீமுக்கு என்ன பிரயோஜனம்?"

அவன் காலுறையைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துவிட்டுப் போனான்.

ஏழாவதும் தோற்ற பிறகு கிளப் செயலாளர் போன் செய்தார். "செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுது கோச். அவனா, நீங்களா, ஒருத்தர்தான் இருக்க முடியும். யோசிச்சு வந்து சொல்லுங்க." எனக்கு ஐம்பத்துநாலு வயது. இங்கே விட்டால் வேறெங்கும் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோற்ற ஆட்டத்தின் வீடியோவை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கால்பந்துக்கும் உள்ள ஒரே சம்பந்தம், என் சட்டையில் ஒட்டியிருக்கும் சேறு.

"ஏங்க, இவ்ளோ உயரமான ஆளை நிக்கவச்சுட்டு எல்லாரும் ஏன் பந்தைத் தரையிலயே உருட்டறாங்க? வீடு துடைக்கிற மாதிரி?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வீடியோவை முதலிலிருந்து ஓட்டினேன். அவள் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், கழிவுநீர்க் குழாய் பதிக்க எங்கள் பயிற்சி மைதானத்தில் பாதியைத் தோண்டினார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். மீதிப் பாதியில் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு அதைத்தான் கோல் என்று வைத்துக்கொண்டோம். கூம்புக்கு மேலே குறுக்குக் கம்பி கிடையாது. பந்து கொஞ்சம் உயர்ந்தால் போதும், கோல் என்று ஒரு கூட்டம், வெளியே என்று ஒரு கூட்டம், தினமும் சண்டை. தலைவலி தாங்காமல் நான் ஒரு சட்டம் போட்டேன். முட்டிக்கு மேலே போனால் செல்லாது. அத்தோடு சண்டை நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு மாதம் தினமும் இரண்டு மணி நேரம், முட்டிக்கு மேலே பந்தைத் தூக்காமல் ஆடிப் பழகியிருக்கிறார்கள். நிஜக் கம்பத்துக்கு முன்னாலும் எல்லாரும் உருட்டுகிறார்கள். எதிரணியின் கோல்கீப்பர் குனிந்து அள்ளிக்கொள்கிறான். ஒட்டகத்தின் தலைக்கு ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு பந்துதான் வந்திருந்தது, அதுவும் எதிரணிக்காரன் தவறாக உதைத்தது. மற்ற ஆறு ஆட்டத்தின் வீடியோவையும் போட்டு எண்ணிப் பார்த்தேன்.

அந்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். அது பயம், வேறொன்றுமில்லை.

செவ்வாய் மாலை கமிட்டி அறையில் தலைவரும் செயலாளரும் மட்டும் இருந்தார்கள். மின்விசிறி கடகடவென்று ஓடியது. நான் உட்காருவதற்குள் செயலாளர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நமக்கு வேலையே வைக்கல கோச். பையன் காலைல வந்து குடுத்துட்டுப் போனான்."

படித்தார். "கோல் வராததற்கு நான் மட்டுமே காரணம். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததை என்னால் செய்ய முடியவில்லை. அவர் மீது தவறு இல்லை. அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

"நல்ல பையன்" என்றார் தலைவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி. "அப்புறம் என்ன, நீங்க சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆளைப் பாருங்க."

எழுந்து போயிருக்கலாம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இந்தக் கிளப்பில் பயிற்சியாளனாக இருந்த பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு சுலபமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை. அதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூம்பு, சண்டை, சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். மென்று முழுங்காமல் சொன்னேன். தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இதை உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா கோச்?"

"இல்லீங்க. என்னை எடுத்துட்டு அவனைக் கூப்பிடுங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவர், "சரி" என்றார். பதினெட்டு வருஷம் ஒரு சொல்லில் முடிந்தது. செயலாளர் அலுத்துப்போன குரலில், "அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

வராந்தாவில் நின்று போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். எல்லாவற்றையும் அவனிடமும் சொன்னேன். தப்பு என்னுடையது, அவனுடையது எள்ளளவும் இல்லை என்றேன். அன்றைக்கு உடை மாற்றும் அறையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எப்போ தெரிஞ்சுது கோச்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை."

"நான் லெட்டரை நேத்துத்தான் எழுதினேன். காலைல உக்காந்து சாயந்தரம் வரைக்கும் எழுதினேன். ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கணும்ப்பா. சனிக்கிழமை வந்துடு. இனிமே பந்தைத் தூக்கித்தான் போடுவாங்க, உன் தலைக்கு."

"வரல கோச்" என்றான். குரலில் கோபமே இல்லை. "நேத்து சாயந்தரம் எங்க தெருவுல சின்னப் பசங்க ஆடிட்டிருந்தாங்க. ஒருத்தன் உயரமா ஒரு பந்து போட்டான், எனக்கு நேரா. நான் குனிஞ்சுட்டேன்."